பெரியகருப்பன் எந்தக் கேள்வியில தப்பு பண்ணுவான்

அடுத்துங்கிற பட்டன் இன்னும் சாம்பல் நெறமாத்தான் இருக்கு. அது நீலமாக முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் ஓட்டவும் முடியாது, தாண்டவும் முடியாது, கல்யாண வீட்டு மந்திரம் மாதிரி அது பாட்டுக்கு முடிஞ்சாத்தான் நமக்குப் பந்தி. மணி ஒண்ணு அஞ்சு. இந்த முப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு நான் பெரியகருப்பன். லோடிங் செக்‌ஷன், பால் பாக்கெட் அடுக்குன பிளாஸ்டிக் டப்பை லாரியில ஏத்துற ஆளு, நம்பர் இருபதாயிரத்து நானூத்திப் பதினேழு, பாஸ்வேர்டு மூத்த பொண்ணு பேரு. சேவுகன்னு ஒருத்தன், பாலைக் காய்ச்சிக் குளுரவைக்கிற செக்‌ஷன்ல சார்ஜ்மேன், அவன் இந்த ரூமுக்கு வெளிய எங்கயோ கம்பூட்ஸ் போட்டுக்கிட்டு நடமாடிக்கிட்டு இருக்கணும். இங்க இருக்கிறது பெரியகருப்பன். ஏசி ஓடுது. இந்த டெய்ரியில குளிர்ச்சி ரெண்டு பேருக்குத்தான், பாலுக்கும் கம்ப்யூட்டருக்கும். மனுசன் ஒருத்தன் பெரியகருப்பனா மாறுனாத்தான் உள்ள வர முடியும். மத்தியானம் சாப்பிட்ட தயிர்ச்சோறு வயித்துல மெதுவா இறங்குது, கண்ணு சொருகுது, ஏசி சத்தம் தூரத்துல தண்ணி ஓடுற மாதிரி கேக்குது, ஸ்கிரீன்ல அந்தப் பொம்பளக் குரலு வணக்கம் சொல்லுது. இந்தப் பாடத்தின் முடிவில் அமோனியா கசிவின்போது எவ்வாறு பாதுகாப்பாக வெளியேறுவது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அறிந்திருக்கேன்மா. இந்த அரை வருசத்துல முப்பத்தேழு தடவை அறிஞ்சுட்டேன். பெரியகருப்பனோட முப்பத்தெட்டு. போன அரை வருசத்துலயும் முப்பத்தெட்டு தடவை அறிஞ்சேன், அப்புறந்தான் சித்திரை மாசம் நெஜமாவே கசிஞ்சுச்சு. அதைப் பத்தி இப்ப நெனைக்க வேணாம். மவுஸுக்குக் கீழ ஒரு தாள் இருக்கு, அதைப் பத்தியும் வேணாம். ஒண்ணு நாப்பதுக்கு ஹெட் ஆபீஸ் இந்துமதி மேடம் வருவாங்க, அந்தத் தாள்ல என் கையெழுத்தை வாங்கிக்கிட்டு சாயந்தரம் வண்டி ஏறிச் சென்னை போயிருவாங்க. நான் பேனா எடுத்து ரெண்டு கோடு இழுத்தா முடிஞ்சுச்சு. இழுக்கலேன்னா ஏன் இழுக்கலேன்னு சொல்லணும். சொன்னா வேலை போயிரும். இதுல யோசிக்க என்ன இருக்கு. ஒண்ணுமில்ல. ஆனா யோசனை போறதுக்கு வேற எடமும் இல்ல, பட்டன் சாம்பலாத்தான் இருக்கு.

மஞ்சத்தொப்பிக்காரன் வந்துட்டான். படத்துல வர்ற ஆளு, மஞ்சக் கலர் ஹெல்மெட்டு, மடிப்புக் கலையாத சட்டை, மொகத்துல எப்பவும் ஒரே சிரிப்பு. அவன் நடக்குறப்ப காலு தரையில படாது, வழுக்கிக்கிட்டே போவான். எங்க டெய்ரியில யாரு வழுக்கிக்கிட்டே போனாலும் முதுகெலும்பு போயிரும், தரை முழுக்க பால் பிசுக்கு. இவன மட்டும் ஒண்ணும் பண்றதில்ல. நைட் ஸ்கூல்ல எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்த ராசேந்திரன் ஒரு வித்தை கத்துக்கொடுத்தான், பகல் பூரா பரோட்டா அடிச்சுட்டு வர்ற ஆளு, கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறது எப்படின்னு. பார்வையைக் கரும்பலகையில வைக்காத, அதுக்கு ஒரு சாண் முன்னாடி காத்துல வையின்னு சொன்னான். மூணு வருசத்துல வாத்தியாருங்க சொன்னது பாதி மறந்துபோச்சு, சின்னப்புள்ளைங்க பெஞ்சுல முட்டி இடிக்க இடிக்கப் படிச்ச அந்தப் படிப்புல இன்னிக்கு வரைக்கும் தெனமும் உபயோகப்படுறது அந்த ஒரு சாண்தான். இப்பவும் அங்கதான் பார்வை வச்சிருக்கேன். மஞ்சத்தொப்பிக்காரன் கலங்கலாத் தெரியுறான். இப்பக் கொஞ்சம் பெரியகருப்பன் சாயல் அடிக்கிறான். இருமுறான். இல்ல, படத்துல யாரும் இருமுறதில்ல.

பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணது எங்க ஆளுங்கள்ல அப்ப நான் ஒருத்தன்தான், அதுல வந்த வெனை. ஆறு வருசத்துக்கு முன்னாடி இந்தக் கம்ப்யூட்டர் வந்தப்ப பெரியகருப்பன்தான் மொத ஆளு. இதே நாற்காலியில உக்காந்து, அண்ணே இது கேள்வி கேட்டுட்டு நான் எழுத்துக் கூட்டுறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சுங்குதுண்ணேன்னு பாவமாச் சொன்னான். சரி தள்ளுன்னு நான் உக்காந்தேன். அம்புட்டுத்தான். ஒருத்தனுக்குத் தள்ளுன்னு சொன்னவன் ரெண்டாவது ஆளுக்கு ஏன் தள்ளலேன்னு கேள்வி வரும்ல. மேனேஜர் தாமோதரன் சார் சுவத்துல ஒரு பட்டியல் ஒட்டுனாரு, படிச்சு முடிச்சவன் பேரு பச்சை, முடிக்காதவன் செவப்பு. செவ்வாக்கெழமைக்குள்ள எல்லாம் பச்சையாகணும் சேவுகன், எப்படின்னு எனக்குச் சொல்ல வேணாம்னாரு. நானும் சொல்லல. நாணயமான ஏற்பாடு. முப்பத்தெட்டு பெர்மனன்ட் ஆளு, என்னையும் சேத்து. எல்லார் நம்பரும் மனப்பாடம், எல்லார் பாஸ்வேர்டும் மனப்பாடம், ஊர்ல யாரு மக பேரு என்ன, யாரு கொலசாமி எதுன்னு ஒரு ஜோசியக்காரனுக்குத் தெரியுறதவிட எனக்கு அதிகமாத் தெரியும். கேன்டீன்ல எனக்குப் பச்சையண்ணன்னு பேரு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, அதை எவன்கிட்டயும் சொன்னதில்ல. எல்லாருக்கும் இருபதுக்கு இருபது போட்டா சென்னைக்காரனுக்குச் சந்தேகம் வரும். அதனால ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ தப்பு வைக்கணும். தப்பை எங்க வைக்கிறது. சும்மா கண்ண மூடி வைக்கலாம். எனக்கு மனசு வரல. அந்த ஆளு எங்க தப்பு பண்ணுவானோ அங்க வச்சேன். பெரியகருப்பனுக்கு ஏழாவது கேள்வி. வாசனை வந்தவுடன் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன. அவன் சத்தியமா மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்னுதான் சொல்லுவான். தானா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான், யாராச்சும் முன்னாடி போனா பின்னாடி போவான். ஜபருல்லா கம்ப்ரசர் ரூம்ல இருவது வருசம் ஓட்டுன கையி, வால்வு பத்தி எதுலயும் தப்பு பண்ண மாட்டாப்ல, ஆனா கண்ணாடி போடணும் கையுறை போடணும்னு வர்ற கேள்வியெல்லாம் அவருக்கு எளக்காரம், அங்க ஒரு தப்பு. இப்படி ஒவ்வொருத்தனையும் உள்ள போட்டுப் பாக்கணும். அதுக்கு அவனாவே கொஞ்ச நேரம் ஆகணும். அந்த மவுஸைப் புடிச்சுக்கிட்டு நான் எத்தனை பேரா இருந்திருக்கேன். சில நாளு முடிச்சுட்டு வெளிய வந்தா வெயில் கண்ணுல அடிக்கும், யாராச்சும் சேவுகண்ணேன்னு கூப்புடுவாங்க, அரை நிமிஷம் கழிச்சுத்தான் திரும்புவேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், எவன் எங்க தப்பு பண்ணுவான்னு. தொட்டிப் பேச்சுலதான். உள்ள வர்ற வாசல்ல மருந்துத் தண்ணி நெறைச்ச கால் தொட்டி ஒண்ணு இருக்கு, கம்பூட்ஸை முக்கிட்டுத்தான் உள்ள போகணும், முக்கிட்டுத்தான் வெளிய வரணும். காலைல ஆறு மணி ஷிப்டு ரெண்டு மணிக்கு முடியும், அடுத்த ஷிப்டு ஒண்ணு அம்பதுக்கே வந்துரும். அந்தப் பத்து நிமிஷம் போறவனும் வர்றவனும் தொட்டி ஓரத்துல நிப்பாங்க. போறவன் பூட்ஸைக் கழட்டணும்னா அன்னிக்கு அவன் பண்ண தப்பு ஒண்ணைச் சொல்லணும். யாரு ஆரம்பிச்சாங்கன்னு தெரியல, எவனும் எழுதி வைக்கல. ஒரு தப்பும் இல்லேன்னு எவனாவது சொன்னா, அப்ப இன்னிக்கு வேலையே பாக்கலியாப்பான்னு கேட்டு நாறடிச்சுருவாங்க. சூடு ஏறுறதுக்கு முன்னாடி பாலைத் தொறந்து விட்டது, டப்பை எண்ணாம அனுப்புனது, பூட்டுப் போட்டுட்டு சாவியை உள்ளயே வச்சது, எல்லாம் சொல்லுவாங்க, சிரிப்பாங்க, அடுத்த ஷிப்டுக்காரன் அதே தப்பை அன்னிக்குப் பண்ண மாட்டான். வேற புதுசா ஒண்ணு பண்ணுவான், அது நாளைக்கு. டப்பு கழுவுற சந்தனமேரி, அது கான்ட்ராக்டு, நம்பரு கிடையாது, கம்ப்யூட்டர்ல பேரு கிடையாது, இந்த ஏசி ரூமுக்குள்ள தரை தொடைக்க மட்டுந்தான் வந்திருக்கு. ஆனா தொட்டி ஓரத்துல அதுவும் நிக்கும், பிரஷ் வச்சு எல்லார் பூட்ஸையும் தேச்சுவிட்டுக்கிட்டே எல்லாத்தையும் கேக்கும். அந்தத் தொட்டியைத்தான் இந்தத் தாளு

நீங்கள் இருக்கிறீர்களா. ஸ்கிரீன்ல கேக்குது. மவுஸ் கொஞ்ச நேரம் அசையலேன்னா இப்படிக் கேக்கும். கீழ ஒரே ஒரு பட்டன், ஆம். இல்லைங்கிறதுக்குப் பட்டன் வைக்கல, இல்லாதவன் எப்படி அழுத்துவான்னு விட்டுட்டானுங்க போல. ஆம்னு அழுத்துறேன். இருக்கிறான், பெரியகருப்பன் இருக்கிறான். இப்ப அவன் நெஜமாவே எங்க இருப்பான். லோடிங் மேடையில ரெண்டு டப்பு தூக்கிட்டு நின்னு இருமிக்கிட்டு இருப்பான். முன்னெல்லாம் ஆறு டப்பு ஒண்ணு மேல ஒண்ணா இழுப்பான்.

தாளு. மேடம் காலைல குடுத்தாங்க. நல்ல மாதிரி, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தாமோதரன் சார் வெளிய போற வரைக்கும் காத்திருந்துட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்தாங்க. பன்னெண்டு யூனிட்டுக்கும் அவங்கதான் இந்தப் படிப்பெல்லாம் பாக்குறாங்களாம். வெறும் ஆன்லைன் ட்ரெயினிங்ல ஜனங்க கத்துக்குறாங்கன்னு அவங்களுக்கே நம்பிக்கை இல்லையாம், வேற மாதிரி யோசிக்கணும்னு ஒரு வருசமா மேல சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்களாம். அப்பத்தான் எங்க யூனிட்டு மார்க்கைப் பாத்தாங்களாம். மத்த எடத்துலயெல்லாம் நாப்பது பேரும் ஒரே மார்க்கு, ஒரே பதிலு, பாத்தாலே காப்பின்னு தெரியுது. இங்க மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி தப்பு, அதுவும் ஒரே ஆளு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எடத்துலதான் தப்பு பண்றாரு, அப்படின்னா மனுசன் உக்காந்து யோசிச்சுப் பதில் சொல்றாருன்னுதானே அர்த்தம்னாங்க. உண்மையிலேயே படிக்கிறது உங்க யூனிட்டு ஒண்ணுதான் சேவுகன்னாங்க. நான் தரையைப் பாத்தேன். அடக்கம்னு நெனைச்சுக்கிட்டாங்க. எங்க யூனிட்டை மாதிரியா வச்சு மத்த பதினோரு எடத்துலயும் நடத்தப் போறாங்களாம். கம்ப்யூட்டர்லயே எல்லாம் ஏறிடுதுன்னு மார்க்கு சொல்றதால, ஷிப்டு மாறுறப்ப அந்தப் பத்து நிமிஷம் ஒண்ணா நிக்கிறது தேவையில்லேன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. பின்பக்கம் புது கேட்டு, மொகத்தைக் காட்டுனாத் தொறக்கும், போற ஷிப்டு அந்த வழியா போயிரும், வர்ற ஷிப்டு இந்த வழியா வரும். ஒண்ணாந்தேதியில இருந்து. பாதுகாப்புக் கமிட்டியில தொழிலாளி தரப்புக்கு நாந்தான் மெம்பர், நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாப் போதும். கடைசியா மேடம் ஒண்ணு கேட்டாங்க. நீங்க இந்த வேலையை எப்படிக் கத்துக்கிட்டீங்கன்னு. நான் வாயைத் தொறந்து, வீடியோ பாத்துத்தாங்க மேடம்னு சொல்லிட்டேன். வேலைக்குச் சேந்து இருவத்துநாலு வருசம், கம்ப்யூட்டர் வந்து ஆறு வருசம். அவங்க நோட்டுல பேனாவை வச்சாங்க, எழுதல, ஒண்ணு நாப்பதுக்கு வர்றேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா தொட்டிக்குக் குழி வெட்டுனது நாந்தான். தொட்டியில கேட்டதை வச்சுத்தான் தப்பு வச்சேன், அந்தத் தப்பு அம்புட்டு நெஜமா இருந்ததாலதான் மார்க்கை நம்பிட்டாங்க, மார்க்கை நம்புனதாலதான் தொட்டி வேணாங்கிறாங்க. கொஞ்சம் மோசமா ஏமாத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. என் புத்தி. எதைச் செஞ்சாலும் திருந்தச் செய்யணும்.

அசெம்பிளி பாயிண்ட். படத்துல அந்தப் பச்சைப் பலகை வந்துருச்சு. மஞ்சத்தொப்பிக்காரன் சிரிச்சுக்கிட்டே அதை நோக்கி வழுக்கிக்கிட்டுப் போறான். எச்சரிக்கை ஒலித்தவுடன் முன்வாயில் அருகே உள்ள கூடுமிடத்திற்குச் செல்லவும். முன்வாயில், சைக்கிள் ஸ்டாண்டு, பச்சைப் பலகை. பார்வையை ஒரு சாண் முன்னாடி வச்சாலும் இது மட்டும் தெளிவாத் தெரியுது. சித்திரை மாசம், காலைல பதினோரு மணி. மொதல்ல மூக்குல ஊசி குத்துன மாதிரி, அப்புறம் கண்ணு. யாரோ கத்துனாங்க. எனக்குள்ள ஒரு யோசனையும் ஓடல. முப்பத்தெட்டு தடவை அழுத்துன கையி, அந்தக் கையி காலுக்குச் சொல்லுச்சு, காலு ஓடுச்சு. முன்வாயில். பின்னாடி பன்னெண்டு பேரு ஓடி வந்தாங்க, திரும்பிப் பாக்காமலேயே தெரிஞ்சுச்சு. அண்ணனுக்குத் தெரியும், அண்ணந்தானே பரீட்சை எழுதுறாரு. பெரியகருப்பன் என் தோளுக்குப் பின்னால, ஏழாவது கேள்வி, யாராச்சும் முன்னாடி போனா பின்னாடி போவான். காத்தும் அன்னிக்கு முன்வாயிலுக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நாங்களும் அதுவும் ஒண்ணா ஓடுனோம். வெள்ளையா ஒண்ணு எங்களைத் தாண்டிப் போச்சு. அதுக்குள்ள நான் வாயைத் தொறந்து மூச்சு இழுத்தேன், உள்ள நெருப்பு. அப்பத்தான் ஒரு கையி என் சட்டைக் காலரைப் புடிச்சு இழுத்துச்சு. மூஞ்சியில ஈரத்துணி கட்டிக்கிட்டு சந்தனமேரி. எரும மாதிரி எங்கண்ணே போறன்னு கத்துச்சு. டப்பு கழுவுற எடத்துல வெந்நி ஆவி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டு, அதுக்கு நேர் எதுருல பின்வேலிப் பக்கம் தன் ஆளுங்க ஆறு பேரைத் தள்ளிவிட்டுட்டு, எங்களுக்காகத் திரும்பி வந்திருக்கு. அதுக்கு எப்படித் தெரியும். ஜபருல்லா தொட்டி ஓரத்துல சொன்னது. வேற ஊர்ல வேலை பாக்குறப்ப கசிஞ்சு, வழக்கமாப் போற வாசலுன்னு வாசலுக்கு ஓடி மூணு மாசம் இருமுனேன், மூக்குல ஏறுனதும் எங்க வெளிய போகலாம்னு தேடாதீங்க, புகையோ ஆவியோ எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்கன்னு. நானும் அன்னிக்கு அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். நானும் கேட்டேன். நல்லாச் சிரிச்சேன்கூட.

எல்லாரும் பொழச்சோம். ரெண்டு பேரு ஆஸ்பத்திரி, பெரியகருப்பன் பத்து நாளு. பயிற்சி பெற்ற பணியாளர்கள் உரிய முறையில் வெளியேறினர்னு தாமோதரன் சார் ரிப்போர்ட் எழுதுனாரு. மறுநாள் தொட்டி ஓரத்துல எல்லாரும் என்னைப் பாத்தாங்க, என்னண்ணே ஆச்சுன்னு. முன் கேட்டு பூட்டியிருக்கான்னு பாக்கத்தான் போனேன், இந்தப் பயலுக ஏன் பின்னாடியே வந்தானுகன்னு தெரியலன்னு சொன்னேன். சிரிச்சாங்க. பெரியகருப்பன் ஆஸ்பத்திரியில இருந்தான், அவன் சிரிக்கல. மேரி கீழ குனிஞ்சு என் பூட்ஸைத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு, தலையைத் தூக்கி ஒரு தடவை பாத்துச்சு, மறுபடியும் தேச்சுச்சு. ஒரே எடத்தையே தேச்சுச்சு. அந்தத் தொட்டியில பொய் சொன்னவன் இருவத்துநாலு வருசத்துல நான் ஒருத்தன்தான்னு நெனைக்கிறேன். மத்தவங்களும் சொல்லியிருக்கலாம். எனக்கு என்னது மட்டுந்தானே தெரியும்.

கேள்வி வந்துருச்சு. எப்ப பட்டன் நீலமாச்சுன்னு தெரியல. ஒண்ணு, ரெண்டு, மூணு, கையி தானாப் போகுது. ஏழு. வாசனை வந்தவுடன் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன. நாலு பதிலு. மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்ல அம்புக்குறியை வச்சேன். ஏழாவது கேள்வியைத் தப்பாப் போட்டு ஆறு வருசமா இவனை ஏமாளின்னு எழுதி வச்சிருக்கேன். அது சரிதான், ஏமாளிதான், ஆனா யாருக்கிட்ட ஏமாந்தான். சொன்னா வேலை போகும், மகளுக்கு வர்ற தையில கல்யாணம், இன்னும் ஆறு வருசம் சர்வீஸு. நான் மட்டும் போனாலும் சரி, முப்பத்தேழு பேருக்கும் மெமோ வரும். சொல்லலேன்னா ஒண்ணாந்தேதியில இருந்து அவன் அந்த வழியாப் போவான், இவன் இந்த வழியா வருவான், ஒருத்தன் பண்ண தப்பு ஒருத்தனுக்குத் தெரியாது, பதினோரு ஊர்லயும் அப்படித்தான். அடுத்த தடவை காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு பச்சைப் பலகைக்கு யாரு சொல்லுவா. மேரி மாதிரி ஒண்ணு அங்க இருக்கும், ஆனா அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. பேனா சட்டைப் பையிலதான் இருக்கு. எடுத்தேன். மூடியைத் தொறந்தேன். தாள்ல சேவுகன்னு போடுறதுக்கு எடம்கூடக் கட்டம் கட்டி விட்டிருக்காங்க.

கதவு தொறந்துச்சு. வெளிய இருந்து சூடு உள்ள வந்துச்சு, அதோட மேடம். முடிச்சுட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே ஸ்கிரீனைப் பாத்தாங்க. மேல கொட்டை எழுத்துல பெரியகருப்பன்னு இருந்துச்சு. நான் மறைக்கல. எந்திரிச்சேன். ஒண்ணு அம்பது ஆகப் போகுது மேடம், தொட்டிக்கு வாங்க, இன்னிக்கு என் முறைன்னேன். எதுக்குன்னு கேக்கல, வந்தாங்க.

புரட்டாசிப் புழுக்கம், ஒரு எலை அசையல. தொட்டி ஓரத்துல இருவது பேரு இருப்பாங்க. மேடத்தைப் பாத்ததும் பேச்சு நின்னுருச்சு. நான் தண்ணிக்குள்ள எறங்கி நின்னு, சித்திரை மாசம் கேட்டைப் பாக்கப் போனேன்னு சொன்னது பொய்யின்னு சொன்னேன். எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியாமத்தான் ஓடுனேன், பன்னெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு ஓடுனேன், பெரியகருப்பன் இருமுறது என்னாலன்னு சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கே அது சின்னதாத்தான் தெரிஞ்சுச்சு. சந்தனமேரிதான் பிரஷ்ஷைத் தொட்டியில உதறிக்கிட்டே சொல்லுச்சு.

"அஞ்சு மாசமாச்சுண்ணே. அந்த ஒத்தப் பூட்ஸைத் தேச்சுத் தேச்சு என் கையே தேஞ்சுபோச்சு."

யாரோ சிரிச்சாங்க. பெரியகருப்பன் சிரிக்கப் போயி இருமிட்டான். மேடம் என் பக்கத்துல வந்து, மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி, அப்ப அந்த மார்க்கெல்லாம் என்ன சேவுகன்னு கேட்டாங்க.

"முப்பத்தெட்டு பேருக்கும் நாந்தான் எழுதுனேன் மேடம். சரியான பதிலெல்லாம் என்னோடது, அதை வச்சு ஒருத்தனும் பொழைக்கல. தப்பெல்லாம் இவங்களோடது, அது மட்டும் நெஜம்."

மேடம் மொகத்துல கோவமான்னு பாத்தேன், இல்ல, ஒரு கணக்கை முதல்ல இருந்து போட ஆரம்பிச்ச மாதிரி இருந்துச்சு. இதை நான் எழுதித்தான் ஆகணும், என்ன ஆகும்னு தெரியுமில்லன்னாங்க. தெரியும்னேன். பெரியகருப்பன் குறுக்க பூந்து, அவர் ஒருத்தர் பேரை மட்டும் எழுதாதீங்கம்மா, உக்கார வச்சது நாங்கன்னான். மேலதிகாரிக்குத் தெரிவிச்சுட்டான். கையெழுத்து இல்லாத தாளை நான் நீட்டுனேன், மேடம் வாங்கிப் பையில வச்சாங்க, போறதுக்குத் திரும்பல. மேரியைப் பாத்து, நீங்கதான் ஆவியைப் பாத்தீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுச்சு. வெந்நி போடாத நேரம், ஆவியும் இல்ல, புகையும் இல்ல, அப்பக் கசிஞ்சா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்வி எந்தப் பாடத்துலயும் கிடையாது. ஜபருல்லா மொகத்தைப் பாத்தேன், அவரும் யோசிக்கிறாரு. மேரி குழாயைத் தொறந்து கையை நனைச்சு, தலைக்கு மேல தூக்கிக் காட்டுச்சு. எந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கோ அங்க இருந்து காத்து வருதுன்னு அர்த்தம், அந்தப் பக்கமா ஓடணும், கண்ணே தெரியலேன்னாலும் இது தெரியும்னுச்சு. மேடம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, குழாயில கையை நனைச்சுத் தூக்குனாங்க. அப்புறம் ஜபருல்லா. அப்புறம் பெரியகருப்பன், யாரையும் பாக்காம. ரெண்டு மணி சங்கு ஊதுச்சு. யாரும் நகரல. நானும் கையை நனைச்சுத் தூக்கிக்கிட்டு நின்னேன், தண்ணி முழங்கை வழியா சட்டைக்குள்ள எறங்குச்சு, காத்து இன்னும் வரல.